செம்பனை ஆலைக் குளம் முதல் வலிமாத்திரை வரை: பசுமை இரசாயன உற்பத்தியில் முனைவர் ஆய்வு

வேதியியலிலோ இரசாயனப் பொறியியலிலோ பட்டம் முடித்த பிள்ளை, "அடுத்து முனைவர் பட்டம் செய்யப் போகிறேன், பசுமை உற்பத்தி தொடர்பான ஆய்வு" என்று சொன்னால், வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். "வேலைக்குப் போகும் வயதில் இன்னும் மூன்று நான்கு வருடமா?" என்பது ஒன்று. "அங்கே போய் அப்படி என்னதான் செய்வாய்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான பதில் அந்தந்தக் குடும்பத்தின் நிலையைப் பொறுத்தது. ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்கு முடிவெடுக்க முடியாது. அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் இங்கே பார்க்கிறோம். செம்பனைத் தோட்டங்களுக்கு அருகிலேயே வளர்ந்த நம்மவர்களுக்கு இந்தத் துறை நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

பெயருக்கு என்ன பொருள்?

சோப்பு, உரம், மருந்து, சாயம், பிளாஸ்டிக், எரிபொருள் ஆகியவற்றை உலகம் ஏற்கெனவே தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவற்றை எந்த மூலப்பொருளிலிருந்து செய்கிறோம், எவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் செலவாகின்றன, எவ்வளவு கழிவு மிஞ்சுகிறது, வேலை செய்பவருக்கும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கும் என்ன ஆபத்து என்று கேட்பது இந்தத் துறை. ஒரு பொருளைத் தயாரிக்கும் வழியை இந்தக் கேள்விகளுக்கு ஏற்றபடி மாற்றியமைப்பதே நீடித்த இரசாயன உற்பத்தி ஆய்வு.

இதற்கு அடித்தளமாக இருப்பவை, அமெரிக்க வேதியியலாளர்களான பால் அனாஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் 1998-இல் வெளியிட்ட பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகள். அவற்றில் முதலாவது, கழிவை உண்டாக்கிவிட்டுப் பிறகு சுத்தம் செய்வதைவிட, அது உண்டாகாமலே பார்த்துக்கொள்வது மேல் என்கிறது.

இதன் இன்னொரு பாதி 'செய்முறை மேம்பாடு'. ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் வெற்றி பெற்றதைத் தொழிற்சாலையில் டன் கணக்கில், ஒவ்வொரு நாளும், ஒரே தரத்தில், விபத்தில்லாமல் செய்ய வழி காண்பது அது. முனைவர் ஆய்வில் இவ்விரண்டும் சேர்ந்தே வரும்.

ஆலைக் குளம் சொல்லும் கதை

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். அந்தப் பெயரைத் தமிழ்க் காதுக்கு விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது, அந்த மாற்றத்தின் உழைப்பில் பெரும் பங்கு நம் பாட்டன், பாட்டிமாருடையது. இன்று நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட செம்பனை ஆலைகள் இயங்குகின்றன.

ஓர் ஆலைக்குள் 1 டன் பழக்குலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயாக வெளிவருவது சுமார் 200 கிலோதான். வெறுங்குலை மட்டும் ஏறத்தாழ 220 கிலோ. நாரும் ஓடும் தனி. அவை பெரும்பாலும் ஆலையின் கொதிகலனிலேயே எரிபொருளாகிவிடும். இவற்றோடு அரை டன்னுக்கு மேல் கழிவுநீரும் வெளியேறும். பழுப்பு நிறத்தில், சூடாக, புளித்த நெடியுடன் குளத்துக்குப் போகுமே, அந்தத் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரில் நஞ்சு எதையும் யாரும் கலப்பதில்லை. ஆனால் அதில் கலந்திருக்கும் எண்ணெயையும் சர்க்கரையையும் நாரையும் தின்று செரிக்க, தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஏராளமான ஆக்சிஜன் தேவைப்படும். அது ஆற்றில் கலந்தால் ஆற்றின் ஆக்சிஜனெல்லாம் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். இந்தத் தேவையை 'பி.ஓ.டி.' என்னும் அளவால் குறிப்பிடுவார்கள். வீட்டுக் கழிவுநீரில் இது ஒரு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கும். சுத்திகரிக்காத ஆலைக் கழிவுநீரிலோ சுமார் 25,000 மில்லிகிராம்.

1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், செம்பனை ஆலைகளுக்கான தனி விதிமுறைகள் 1977-இல் வந்தன. அரசாங்கம் ஒரே நாளில் கதவைச் சாத்தவில்லை. 1978-இல் 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்தது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு 2,000, 1,000, 500, 250 என்று குறைத்து, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தது. விதி ஒரு பக்கம் இறங்கியபோது, மறுபக்கம் அதை எட்டுவதற்கான வழியை ஆய்வாளர்கள் தேட வேண்டியிருந்தது. காற்றுப் படாத ஆழமான குளம், காற்றுப் படும் ஆழமற்ற குளம் என வரிசையாகக் குளங்கள் வெட்டி, நுண்ணுயிர்களையே வேலை வாங்கும் முறை அப்படித்தான் நாடெங்கும் பரவியது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பார்த்த ஆலைக் குளங்கள் வெறும் பள்ளங்கள் அல்ல. ஓர் எண்ணைக் கணக்கு வைத்து வெட்டப்பட்டவை.

கதை அதோடு முடியவில்லை. காற்றுப் படாத குளத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது உயிர்வாயு கிளம்பும். 1 டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். நாளொன்றுக்கு 600 டன் குலையை அரைக்கும் ஆலையாக இருந்தால், கிட்டத்தட்ட 10,000 கன மீட்டர் வாயு தினமும் வானத்துக்குப் போகும். புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலிமை கொண்டது. ஆற்றைக் காப்பாற்றிய குளம் காற்றைக் கெடுத்தது. அந்த வாயுவைப் பிடித்து எரித்தால் மின்சாரம் கிடைக்கும். 2014 முதல் புதிதாகக் கட்டும் ஆலைகள் உயிர்வாயுவைப் பிடிக்கும் வசதியோடுதான் உரிமம் பெற முடியும்.

இந்தத் துறையில் முனைவர் ஆய்வு செய்பவர்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் கால் வைக்கிறார்கள். வாயுவின் அளவைக் கூட்ட முடியுமா? வெறுங்குலையை எரிப்பதற்கும் மண்ணில் போடுவதற்கும் பதிலாக, அதிலுள்ள நார்ப்பொருளிலிருந்து சர்க்கரையோ பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருளோ எடுக்க முடியுமா? எடுத்தால் கட்டுப்படியாகுமா? ஒவ்வொரு கேள்வியும் ஒருவருக்கு மூன்று நான்கு ஆண்டு வேலை.

கழிவுக்கும் ஒரு கணக்கு

'சுத்தமான தயாரிப்பு' என்று எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யலாம். ஆய்வாளருக்கு அளவுகோல் வேண்டும். 1992-இல் ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 'இ-காரணி' என்ற எளிய கணக்கை முன்வைத்தார். 1 கிலோ பொருள் செய்ய எத்தனை கிலோ கழிவு வருகிறது என்பதே அந்தக் கணக்கு. பெட்ரோல் சுத்திகரிப்பில் அது 0.1 கிலோவுக்கும் குறைவு. மருந்துத் தயாரிப்பிலோ 25 முதல் 100 கிலோ வரை போகலாம் என்று அவர் கணக்கிட்டார். புகைபோக்கி பெரிதாக இருக்கும் தொழிற்சாலைதான் அதிகம் வீணாக்குகிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது புதுச் செய்தி.

இதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1991-இல், பேரி டிராஸ்ட் வேறொரு கணக்கைச் சொன்னார். உள்ளே போட்ட மூலப்பொருளின் அணுக்களில் எத்தனை விழுக்காடு இறுதிப் பொருளில் போய்ச் சேருகிறது என்று அது பார்க்கும்.

இக்கணக்குகளின் பயனை நாமறிந்த ஒரு மாத்திரையில் பார்க்கலாம். மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், பிரிட்டனின் பூட்ஸ் நிறுவனம் 1960-களில் உருவாக்கியது. பழைய முறையில் அதைச் செய்ய ஆறு படிகள். உள்ளே போன அணுக்களில் சுமார் 40 விழுக்காடுதான் மருந்தாயின, மீதி கழிவு. பிறகு வடிவமைக்கப்பட்ட புதிய முறையில் மூன்றே படிகள். அணுக்களில் 77 விழுக்காடு மருந்தாகிறது. கூடவே கிடைக்கும் அசிட்டிக் அமிலத்தையும் மீட்டு விற்றால் அது 99 விழுக்காட்டை எட்டும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இந்த முறையில் இயங்கும் தொழிற்சாலை 1992-இல் திறக்கப்பட்டது. மாத்திரை அதே மாத்திரைதான். செய்யும் வழி மாறியதில் கழிவு மலைபோல் குறைந்தது.

கிளிஞ்சல் சுண்ணாம்பும் பயோடீசலும்

மலேசியாவுக்கே உரிய இன்னோர் எடுத்துக்காட்டு பயோடீசல். செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆய்வு இங்கே 1980-களிலேயே தொடங்கிவிட்டது. இப்போதைய மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் முன்னோடியான போரிம் ஆய்வுக்கழகம் அதை முன்னெடுத்தது. 2011-இல் 5 விழுக்காடு கலந்த டீசல் விற்பனைக்கு வந்தது. பின்னர் அது 7, 10 என்று உயர்ந்தது. 2020-இல் லங்காவியில் 20 விழுக்காட்டுக் கலவை அறிமுகமானது.

செய்முறையின் கணக்கு இது. 100 கிலோ எண்ணெயுடன் சுமார் 11 கிலோ மெத்தனால் வினை புரிந்தால், ஏறத்தாழ 100 கிலோ பயோடீசலும் 11 கிலோ கிளிசரினும் கிடைக்கும். தாளில் பார்த்தால் வீணாவது ஒன்றுமில்லை. ஆனால் வினை வேகமாக நடக்க ஒரு வினையூக்கி வேண்டும். வழக்கமாகச் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தைச் சேர்ப்பார்கள். அது எண்ணெயோடு கரைந்து கலந்துவிடும். முடிந்த பிறகு அதை நீக்க அமிலம் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழுவிய தண்ணீர் புதுக் கழிவு. பயன்படுத்திய சமையல் எண்ணெயாக இருந்தால் அதிலுள்ள அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். பிறகு டீசலையும் கிளிசரினையும் பிரிப்பதே பெரும்பாடு.

கரையாத திடப்பொருளை வினையூக்கியாக வைத்தால் என்ன? வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம், கழுவ வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒரு பொருள் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம் முன்னோருக்குப் பழக்கமான தொழில். வெற்றிலையில் தடவியது அப்படி எடுத்து நீற்றிய சுண்ணாம்புதான். கடைகளில் குவியும் கெராங் ஓட்டையும் முட்டை ஓட்டையும் 800, 900 பாகை வெப்பத்தில் சுட்டு வினையூக்கியாக்கும் ஆய்வுகள் மலேசியப் பல்கலைக்கழகங்களில் நடந்துள்ளன.

முதல் முறை அது அழகாக வேலை செய்யும். முனைவர் ஆய்வு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஐந்தாவது முறை போடும்போது அதே வேகம் இருக்கிறதா? கால்சியம் சிறிது சிறிதாகக் கரைந்து டீசலுக்குள் போகிறதா? காற்றிலுள்ள ஈரம் பட்டால் என்ன ஆகும்? ஓட்டை 900 பாகைக்குச் சூடாக்கச் செலவான எரிபொருளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பழைய முறையைவிட இது உண்மையில் பசுமையானதா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும் அது செல்லுபடியாகும் ஆய்வு முடிவுதான். அடுத்து வருபவர் அதே வழியில் காலத்தையும் பணத்தையும் செலவிட வேண்டாம்.

குடுவையிலிருந்து கொதிகலனுக்கு

வீட்டில் நான்கு பேருக்குச் சோறு வடிப்பவரைத் தைப்பூச அன்னதானத்துக்கு ஐந்நூறு பேருக்கு வடிக்கச் சொன்னால், அரிசியையும் தண்ணீரையும் பெருக்கிக்கொண்டால் மட்டும் போதாது. அண்டாவின் அடி தீயும். நடுவில் வேகாமல் நிற்கும். இரசாயனத் தொழிற்சாலையிலும் இதே சிக்கல்தான். ஒரு பாத்திரத்தின் நீளம், அகலம், உயரத்தைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். வெப்பம் வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான் கூடும். குடுவையில் கையைச் சுடாத வினை, பெரிய கலனில் தன் சூட்டிலேயே தறிகெட்டு ஓடலாம்.

2007 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டி2 லேபரட்டரீஸ் என்ற தொழிற்சாலையில் அதுதான் நடந்தது. குளிரூட்டும் அமைப்பு கைவிட்டதும் கலன் வெடித்து நால்வர் இறந்தனர். வினை கட்டுமீறும் ஆபத்தை நிறுவனம் உணரவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. செய்முறை மேம்பாட்டில் ஆய்வு செய்பவர் கற்கும் முதல் பாடங்களில் ஒன்று இந்த வெப்பக் கணக்கு. பெரிய கலனுக்குப் பதிலாக மெல்லிய குழாய்களில் இடைவிடாமல் ஓடவிட்டு வினையை நடத்தும் முறை இன்று பரவலாக ஆராயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் அனுபவித்தது வேறு வகைத் துயரம். கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து கிளம்பிய வாயுவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டியது குற்றம், அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் கழிவு என்று ஒன்று உருவாகிவிட்டால், அதை அகற்றும் செலவைத் தவிர்க்க நினைப்பவரும் எங்காவது இருப்பார். கழிவு உருவாவதையே குறைக்கும் ஆய்வு, தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் மூச்சோடு சம்பந்தப்பட்டது.

மூன்று நான்கு ஆண்டுகள் எப்படிக் கழியும்?

முழுநேர முனைவர் ஆய்வுக்கு மலேசியாவில் பொதுவாகக் குறைந்தது மூன்று ஆண்டுகள். நடைமுறையில் நான்கு, சில வேளை ஐந்தும் ஆகும். பிரிட்டனில் இத்துறைக்கென்று நடத்தப்படும் பயிற்சி மையங்களில் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள்.

முதல் ஆண்டு பெரும்பாலும் வாசிப்பு. உலகில் யார் என்ன செய்திருக்கிறார்கள், எது இன்னும் விடைகாணாமல் இருக்கிறது என்று தேடி, தன் கேள்வியைக் கூர்மையாக்கி, ஆய்வுத் திட்டத்தை ஒரு குழுவின்முன் எடுத்துரைக்க வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகள் பரிசோதனை. வெப்பம், நேரம், அளவு என ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்ப்பது, கருவிகளில் அளப்பது, கணினியில் முழு ஆலையையும் மாதிரியாக அமைத்து ஓட்டிப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். இவற்றோடு இரண்டு கணக்குகள் கட்டாயம் வரும். தோட்டத்திலிருந்து குப்பைமேடு வரை ஒரு பொருளின் முழு வாழ்நாளிலும் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்பைப் பார்ப்பது ஒன்று. முதலீடு திரும்புமா என்று பார்ப்பது மற்றொன்று. கடைசி ஆண்டு எழுத்து. ஆய்வேடு எழுதி, சஞ்சிகைகளில் கட்டுரை வெளியிட்டு, தேர்வாளர்கள்முன் வாய்மொழித் தேர்வில் ஒவ்வொரு முடிவுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

மாதக்கணக்கில் எதுவும் சரிவராத காலமும் வரும். கருவி பழுதாகும், முடிவு முன்னுக்குப் பின் முரணாக வரும். உடன்படித்தவர் சம்பளம் வாங்கி வீட்டுக்குக் கொடுக்கும் காலத்தில் இதைத் தாங்க மனத்திடம் தேவை. குடும்பத்தின் ஆதரவு தேவைப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலேசிய புத்ரா பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிய ஐந்தும் அரசாங்கத்தின் ஆய்வுப் பல்கலைக்கழகங்கள். இவை அனைத்திலும் இத்துறைக்கு ஆய்வு வாய்ப்பு உண்டு. முதுகலை முடித்துச் சேர்வது வழக்கமான பாதை. மிக உயர்ந்த புள்ளிகளோடு இளங்கலை முடித்தவர்கள் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு.

இடம் கிடைத்ததும் மகிழ்ச்சியில் ஒப்புக்கொள்ளாமல், மேற்பார்வையாளரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

1. மாதப் படித்தொகை எந்த ஆய்வு நிதியிலிருந்து வருகிறது, எத்தனை மாதத்துக்கு உறுதி? கட்டணத்தையும் அதுவே ஏற்குமா?

2. உபகாரச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் உண்டா? படிப்பு முடியாவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா?

3. தேவையான கருவிகள் அந்த ஆய்வுக்கூடத்திலேயே இருக்கின்றனவா, வெளியே காத்திருந்து பயன்படுத்த வேண்டுமா?

4. அவரிடம் முன்பு முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?

நான்காவது கேள்விக்கான பதில் பெற்றோருக்கும் முக்கியம். இப்பட்டம் பெற்றவர் எல்லாரும் விரிவுரையாளர் ஆவதில்லை. செம்பனை எண்ணெய்ப் பொருள் தொழிற்சாலைகள், பெட்ரோலிய இரசாயன நிறுவனங்கள், மருந்து, உணவுத் தயாரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, அரசாங்க ஆய்வுக்கழகங்கள் எனப் பல இடங்கள் உண்டு. தொழில்துறைக்குப் போக எண்ணுபவர் ஏதாவது ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கும் ஆய்வைத் தேர்ந்தெடுத்தால் வேலை தேடும் நேரத்தில் கை கொடுக்கும்.

கடைசியாக ஒன்று. முனைவர் பட்டம் இருபத்தைந்து வயதில் எடுக்கும் முடிவுபோல் தோன்றினாலும், அதற்கான கதவு பதினாறு வயதிலேயே திறக்கிறது அல்லது மூடுகிறது. நான்காம் படிவத்தில் வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் எடுக்காத மாணவர் எஸ்பிஎம் முடித்தபின் ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ இந்த வழிக்குத் திரும்புவது மிகக் கடினம். கூடுதல் கணிதம் கஷ்டம் என்று நண்பர்கள் சொன்னதற்காக விட்டுவிடும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் வீடுகளில், பாடத்தேர்வுப் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் பற்றி ஒரு மாலை உட்கார்ந்து பேசலாம். அறிவியல் ஆசிரியரைப் பள்ளியில் நேரில் சந்தித்துப் பிள்ளையின் தரத்தைக் கேட்டறிவதும் அப்போதே செய்ய வேண்டிய வேலை.